பெரியம்மா ஜெர்மன்காரியான வருஷம்

எங்கள் ஊரில் கோடைக்காலம் என்று தனியாக எதுவும் கிடையாது. வருஷம் முழுக்க வெயில் அடிக்கும். நினைத்த நேரத்தில் மழை கொட்டும். மழை விட்டதும் மறுபடி வெயில். அதனால், "சம்மர் சீசன் வருது, நாம ரெடியாகணும்" என்று என் முதலாளியம்மா ஒரு காலையில் சொன்னபோது, நான் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். எதிர்க் கட்டட மாடியில் யாரோ காயப்போட்டிருந்த கைலிகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன.

"நம்ம சம்மர் இல்லம்மா. அவங்க சம்மர். ஜூன் வந்தா ஜெர்மன்காரனுக்கு லீவு," என்றார்.

எண்பதுகளின் பின்பாதி அது. தலைநகரில் தமிழர்கள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில், ஒரு தையல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் எங்கள் அலுவலகம். கீழே மிஷின்கள் ஓடினால் மேலே மேசையில் டெலிபோன் தானாக நகரும். முதலாளியம்மா ரயில்வே குடும்பத்துக் கத்தோலிக்கர். கணவர் போன பிறகு இரண்டு வேன்களை வைத்துக்கொண்டு தானே தொழிலை நடத்தினார். எல்லாரும் அவரை மேடம் என்போம். வேளாங்கண்ணிக்கும் பழனிக்கும் ஆட்களை அனுப்புவது, சென்னைக்கு டிக்கெட் போடுவது, சிங்கப்பூருக்குக் கல்யாணக் கோஷ்டிகளை ஏற்றிப் போவது, இவ்வளவுதான் அதுவரை எங்கள் சுற்றுலா. என்னை வேலைக்கு எடுத்ததற்கு மேடம் சொன்ன காரணம், "ஃபோன்ல உன் இங்கிலீஷ் கேட்டா யாரும் இந்த ஆபீஸ்ல ஏசி இல்லன்னு நெனைக்க மாட்டாங்க" என்பது.

ஒரு பெரிய பயண நிறுவனம் தன் ஜெர்மன் கூட்டங்களுக்கு அரை நாள் 'இந்தியச் சுற்றுலா' கேட்டிருந்தது. மேடம் யோசிக்காமல் ஒப்புக்கொண்டுவிட்டார். காலையில் பிரிக்ஃபீல்ட்ஸ் தெருக்களில் ஒரு நடை, பூக்கடையில் கொஞ்ச நேரம், மதியம் வாழை இலைச் சாப்பாடு, பிறகு பத்துமலை. தாளில் பார்க்க அழகாக இருந்தது. தாளில் இருந்த யாருக்கும் அது தெரியாது என்பதுதான் சிக்கல். பூக்கடை அக்காவுக்குத் தெரியாது, சாப்பாட்டுக் கடைக்காரருக்குத் தெரியாது, வேன் ஓட்டும் அங்கிளுக்கே தெரியாது.

"நீ போய் எல்லாரையும் ரெடி பண்ணு," என்றார் மேடம்.

முதலில் பூக்கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அக்கா கையில் கட்டிக்கொண்டிருந்த சரத்தை நிறுத்தவே இல்லை. "வரட்டும் லா. ஆளுக்கு ஒரு முழம் தலையில வெச்சி விடுறேன்," என்றார், எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா'வோடு. அப்புறம் ஏதோ நினைத்துக்கொண்டு, "சொட்டைத் தலையா வந்தா எங்க வெக்கிறது?" என்று கேட்டார். நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை. "காதுல," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வேன் அங்கிள் கிள்ளானிலிருந்து தினமும் வருபவர். அவருக்கு ஆர்வம் அதிகம். வழியில் வரும் இடங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி கேட்டு, இரண்டே நாளில் நெட்டுருப் போட்டுவிட்டார். குரலும் நல்ல குரல். ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் முன்னால் "ஆன் யுவர் லெஃப்ட்" என்று சேர்த்தே மனப்பாடம் செய்திருந்தார். போகும்போது சரி. திரும்பி வரும்போதும் அதே லெஃப்ட்தான். ரயில் நிலையத்தின் அழகிய கோபுரங்களைப் பார்க்கச் சொல்லி எங்களை ஒரு பெரிய சாக்கடையைப் பார்க்க வைத்தார். "அங்கிள், இப்ப ரைட் சைடு," என்றால், "படிச்சதை இனி எப்படிம்மா மாத்துறது?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். கடைசியில் திரும்பி வரும் வழியில் பாட்டுக் கேசட் போடுவது என்று முடிவு செய்தோம்.

மிச்சம் இருந்தது சாப்பாட்டுக் கடை. அதுதான் பெரிய வேலையாகிப் போனது.

அந்தக் கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். நாங்கள் அண்ணே என்று கூப்பிடுவோம். அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, சமையலறையில். அவர் வெளியே. இரும்பு வாளியும் கரண்டியுமாக அவர் மேசைக்கு மேசை போகும் வேகத்தைப் பார்த்தால் சாம்பார் தானாக வந்து இலையில் விழுகிற மாதிரி இருக்கும். வங்கி ஆபீசர் என்றாலும் லோரி டிரைவர் என்றாலும் அவருக்கு 'பாஸ்'தான். எல்லாரிடமும் வாய் அடிப்பார். அப்படிப்பட்ட மனிதர், ஜெர்மன்காரர்கள் வரப்போகிறார்கள் என்றதும் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"மாட் சாலேயா? இங்கயா?" வெள்ளைக்காரர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். "வேணாம்மா. பங்சார்ல ஏசி போட்ட கடை இருக்கு, அங்க கூட்டிட்டுப் போங்க."

"அவங்க இந்த மாதிரிக் கடைதான் கேக்குறாங்க, அண்ணே."

"இந்த மாதிரின்னா?"

சமையலறையின் சின்ன ஜன்னலிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "வரட்டுமே! வந்தா கடிச்சித் திங்கவா போறாங்க?"

அத்தோடு அது முடிவாகிவிட்டது. அந்தக் கடையில் பெரிய முடிவுகள் எல்லாம் அந்தச் சின்ன ஜன்னல் வழியாகத்தான் வெளியே வரும்.

அடுத்த சில வாரங்கள் நான் கடையிலேயே கிடந்தேன். மேசைகளுக்குப் புது பிளாஸ்டிக் விரிப்பு வந்தது. சுவரில் இருந்த சாமி காலண்டர்களில் பழசானவை இறங்கின. கழிவறையில் பேப்பர் வைக்க வேண்டும் என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அண்ணன் வாங்கி மாட்டினார், சரியாகத் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே. மறுநாள் அது பிசைந்த மாவு மாதிரி இருந்தது. இடம் மாற்றினோம். அதற்கு மறுநாள் பேப்பரையே காணோம். பார்த்தால், பரிமாறுகிற ஆள் அதில் மேசை துடைத்துக்கொண்டிருந்தார். "நல்லா இழுக்குது அக்கா," என்று என்னிடமே பாராட்டிச் சொன்னார்.

மேடம் தன் சர்ச் மண்டபத்திலிருந்து ஒரு பெட்டி நிறையக் கரண்டியும் முள்கரண்டியும் இரவல் வாங்கி வந்தார். "இலையில சாப்பாடு, ஆனா ஸ்பூன் கட்டாயம் வேணும். அவங்களுக்குக் கையால சாப்பிட வராது," என்று அண்ணனிடம் ஒப்படைத்தார். அண்ணன் பெட்டியைத் திறந்து பார்த்தார். மறுபடி மூடி வைத்தார்.

மே மாதக் கடைசியில் மேடத்துக்கு ஒரு யோசனை வந்தது. "சர்ச்ல ஏசு பாடுபடுற பாஸ்கா நாடகத்துக்கே அத்தனை தடவ ஒத்திகை பார்க்கிறோம். இதுக்கு ஒரு தடவையாவது பார்க்க வேணாமா?"

அதாவது, நம் ஆட்களையே சுற்றுலாப் பயணிகளாக நடிக்க வைத்து முழு அரை நாளையும் ஓட்டிப் பார்ப்பது. மேடம் தன் சர்ச் பாட்டுக் குழுவிலிருந்து நான்கு பெண்களை அழைத்து வந்தார். நான் என் அப்பாவையும் பெரியம்மாவையும் கேட்டேன். அப்பா ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாப்பாடு உண்டு என்றதும் சம்மதித்துவிட்டார். அவருக்குக் 'கணவர்' வேஷம். யாருக்குக் கணவர் என்று யாரும் தீர்மானிக்கவில்லை.

பெரியம்மா அம்மாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் பள்ளிக்கூடத்தையே கட்டிக்கொண்டவர். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஐம்பதுகளில் ஆசிரியர் பயிற்சிக்கு இங்கிலாந்து போய் வந்தவர். மலாயாவிலேயே பிறந்து வளர்ந்தும், வீட்டில் எங்கள் யாழ்ப்பாணத் தமிழை ஒரு எழுத்துக் குறையாமல் பேசுவார். வெளியில் வாயைத் திறந்தால் லண்டன் ரேடியோதான்.

"நான் ஜெர்மன்காரியோ?" என்று கேட்டார்.

"ஓம் பெரியம்மா. சும்மா ஒரு நாளைக்கு."

"சும்மா எண்டு ஒண்டும் இல்லை. செய்யிறதெண்டால் ஒழுங்காச் செய்யோணும்."

ஒத்திகை நாளன்று அவர் வந்த கோலத்தைப் பார்த்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. இங்கிலாந்தில் தைத்த நீல ஃப்ராக். அகல விளிம்புத் தொப்பி. பெரிய கறுப்புக் கண்ணாடி. கழுத்தில் அப்பாவின் கேமரா, அதில் ஃபிலிம் இல்லை. பாட்டுக் குழுப் பெண்கள் சேலையில் வந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே பெரியம்மா உண்மையிலேயே கப்பலில் வந்து இறங்கியவர் போல இருந்தார்.

மேடம் ஒரே ஒரு விதி சொன்னார். "மதியம் முடியிற வரைக்கும் உங்க யாருக்கும் தமிழ் தெரியாது. ஒரு வார்த்தை பேசக் கூடாது."

பூக்கடையில் எல்லாம் நன்றாகவே போனது. அக்கா அப்பாவின் வழுக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பூவை எடுத்து அப்பாவின் காதில் செருகினார். அப்பா "தேங்க் யூ" என்றார். வேனில் அங்கிள் இடது பக்கம் காட்டினார், நாங்கள் இடது பக்கம் பார்த்தோம்.

கடையில் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் பளபளக்க நின்றிருந்தார். "வெல்கம், வெல்கம். சிட், சிட்." குரல் லேசாக நடுங்கியது. பாட்டுக் குழுப் பெண்களை அவருக்குத் தெரியும். அப்பாவையும் தெரியும். பெரியம்மாவைத் தெரியாது. பெரியம்மா நாற்காலியைப் பார்த்து, "வுட் யூ மைண்ட் வைப்பிங் திஸ்?" என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. துடைத்துவிட்டு நேராகச் சமையலறை ஜன்னலுக்கு ஓடினார்.

"ஏய், மேடம் சாம்பிளுக்கு ஒரு அசல் ஆளையே கொண்டாந்துட்டாங்க. முழுசா வெள்ளை இல்ல, மலாக்கா பக்கத்து யூரேஷியன் கெழவி போல இருக்கு. ஆனா பேச்சு அப்படியே தொரைசானி பேச்சு லா!"

அவருக்கு மெதுவாகப் பேச வராது. கடை முழுக்கக் கேட்டது. நான் எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் மேடம் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் உதடுகள் துடித்துக்கொண்டிருந்தன. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

இலை போட்டார்கள். சோறு வந்தது, பாவற்காய் வறுவல் வந்தது, கூட்டு வந்தது. பெரியம்மா ரசத்தைச் சுட்டிக் காட்டி, "அண்ட் வாட் இஸ் திஸ்?" என்று கேட்டார். அண்ணன் திணறி, "டமரின்ட் வாட்டர். ஹாட். ட்ரிங்க்," என்றார். பெரியம்மா ஒரு வாய் குடித்து, "ஹவ் இன்ட்ரஸ்டிங்," என்றார்.

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பினார். "குடிச்ச மூஞ்சியைப் பாரு, வெளக்கெண்ண குடிச்ச மாதிரி!"

பெரியம்மா அசையவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரியவில்லை. காது மட்டும் சிவந்தது.

அடுத்து அப்பளம். பெரியம்மாவுக்கு அப்பளம் என்றால் உயிர். மறுபடி மறுபடி கையைத் தூக்கினார். "அப்பளத்துக்குன்னே பொறந்தது போல," என்றார் அண்ணன் உள்ளே பார்த்து. "அந்தச் சட்டையைப் பாத்தியா? ஜப்பான்காரன் காலத்துக்கு முன்னாடி தைச்சதா இருக்கும்."

என் அப்பா தலையைக் குனிந்து சோற்றோடு பேசுவது போல இருந்தார். தோள்கள் குலுங்கின. பாட்டுக் குழுவில் ஒருவர் கைக்குட்டையை வாயில் திணித்திருந்தார். பெரியம்மா மட்டும் மகாராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, கரண்டியால் கூட்டை மெல்ல இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். அவருக்கு அது பொறுக்கவில்லை. அவர் மனைவியின் கூட்டுக்காகவே சுபாங் ஜெயாவிலிருந்து ஆட்கள் வருவார்கள். "கூட்டை ஒதுக்குது பாரு! இதுங்களுக்கெல்லாம் ருசின்னா என்னன்னு தெரியுமா?"

பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ருசி தெரிஞ்சபடியாத்தான் தம்பி ஒதுக்கினனான்! உதுக்குள்ள உப்பை அள்ளிக் கொட்டி வைச்சிருக்கிறியள், மனுசர் தின்னேலுமோ? இன்னொண்டு கேட்டுக்கொள்ளும், இந்தச் சட்டை யப்பான்காரன் போய்க் கன காலத்துக்குப் பிறகு தைச்சது!"

அண்ணன் கையிலிருந்த வாளி நேராகத் தரையில் உட்கார்ந்தது. சாம்பார் அவர் வெள்ளைச் சட்டைவரை எழும்பி விழுந்தது. அப்பாவுக்கு ரசம் மூக்கில் ஏறி அவர் தனியாக இருமிக்கொண்டிருந்தார். மேடம் மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டார். சமையலறையிலிருந்து அக்கா ஓடி வந்து, நடந்ததைக் கேட்டு, கணவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெரியம்மாவின் இலையிலிருந்தே ஒரு விரல் கூட்டை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தார்.

"ஆமா, உப்பு கூடத்தான் இருக்கு," என்றார். "மன்னிச்சிக்குங்க. மாட் சாலே வராங்கங்கிற பதட்டத்துல ரெண்டு தடவ போட்டுட்டேன்."

அண்ணன் அன்றைக்கு எத்தனை தரம் மன்னிப்புக் கேட்டார் என்று சொல்ல முடியாது. பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, இன்னுமொரு அப்பளம் கொண்டாரும்," என்றார். அதோடு சமாதானம். அதற்குப் பிறகு பெரியம்மாவை வீட்டில் பிடிக்க முடியவில்லை. சாயங்காலம் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அந்தக் கடைக்குத்தான் போவார். அக்காவும் அவரும் உப்பைப் பற்றியும் பெருங்காயத்தைப் பற்றியும் சண்டை போடுவார்கள். இருவருக்கும் அதில் அவ்வளவு இன்பம்.

ஜெர்மன்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், கூட்டம் கலைந்த பிறகு, நானும் அண்ணனும் உட்கார்ந்து இரவல் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அவர் துடைக்கும் விதம் வேறாக இருந்தது. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, திருப்பி, மறுபடி துடைத்தார்.

"பழக்கம் போல இருக்கே அண்ணே," என்றேன்.

"சின்ன வயசுப் பழக்கம். எங்கம்மா கிள்ளான் பக்கத்துல ஒரு எஸ்டேட்ல தொரை பங்களாவுக்குச் சமைக்கிறவங்க. நான் பின்னாடி படியில உக்காந்து இதத் தொடைப்பேன். மூஞ்சி தெரியணும், இல்லாட்டி அம்மாவுக்குத் திட்டு விழும்." ஒரு முள்கரண்டியை ஊதித் துடைத்தார். "ஆனா அவங்க சாப்பிடுறத நான் பாத்ததே இல்ல. சாப்பாடு உள்ள போனதும் கதவச் சாத்திருவாங்க. சத்தம் மட்டும்தான் கேக்கும், பீங்கான்ல ஸ்பூன் படுற சத்தம். பேச்சே இருக்காது. எப்படித்தான் சாப்பிடுவாங்கன்னு நெனச்சிக்கிட்டே உக்காந்திருப்பேன்."

கடைசி முள்கரண்டியையும் துடைத்துப் போட்டார். பெட்டியை மூடி ஓரமாக வைத்துவிட்டு அவர் தூங்கப் போனார்.

மறுநாள் காலை சுபாங் விமான நிலையத்திலிருந்து அவர்கள் வந்து சேர்ந்தார்கள். உயரமான, சிவந்த, முழங்கால் தெரியும் மனிதர்கள். எல்லாரும் ஓரளவு வயதானவர்கள். பெரியம்மாவும் வந்திருந்தார், இந்த முறை மேடம் கேட்டுக்கொண்டபடி சேலையில், 'ஊர்க்காரி'யாக. பூக்கடையில் ஒரு பெரிய உடம்புக்காரர் ஆசையாக மாலையைத் தொட்டுப் பார்த்தார். பூக்கடை அக்கா உடனே ஒன்றை அவர் கழுத்திலும், இன்னொன்றை அவர் மனைவி கழுத்திலும் போட்டுவிட்டு, "ஆச்சு, மறுபடி கல்யாணம்!" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் கணவரை மேலும் கீழும் பார்த்து ஏதோ ஜெர்மனில் சொல்ல, கூட்டமே சிரித்தது. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை.

கடையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். இலை விழுந்தது. சோறு விழுந்தது. நான் கரண்டிப் பெட்டியை எடுக்கப் போனேன். பெட்டி இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"அண்ணே, ஸ்பூன் எங்க?"

"ஸ்பூனா?" அண்ணன் கூரையைப் பார்த்தார். "இங்கதான் லா இருந்துச்சு."

"நேத்து நாமதானே தொடச்சோம்!"

"ஆமா லா. அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு."

ஜன்னலுக்கு ஓடி அக்காவைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, உண்மையாகவே தெரியவில்லை. மேடம் தூரத்திலிருந்து என்னைப் பார்த்து விரலால் கரண்டி மாதிரிச் சைகை காட்டினார். ஜெர்மன்காரர்கள் சோற்றைப் பார்த்தார்கள், பிறகு எங்களைப் பார்த்தார்கள்.

பெரியம்மா எழுந்து நின்றார். வகுப்பறைக் குரல். அருமை நண்பர்களே, இன்று நாம் இந்த உணவை அது சாப்பிடப்படும் முறையிலேயே சாப்பிடப் போகிறோம், தயவுசெய்து வரிசையாகச் சென்று கை கழுவுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவ்வளவுதான். அத்தனை பெரிய மனிதர்களும் எழுந்து குழாயடியில் வரிசையாக நின்றார்கள். ஒருவர் மட்டும் முணுமுணுத்தார். பெரியம்மா அவரைப் பார்த்ததும் அவரும் வரிசையில் போய் நின்றார்.

பிறகு நடந்ததை நான் எப்படிச் சொல்ல! ஒருவர் சோற்றை உருண்டையாகப் பிடித்து ஆப்பிள் மாதிரிக் கடித்தார். ஒருவருக்குக் குழம்பு முழங்கைவரை வழிந்து, அங்கிருந்து மடிக்குப் போனது. மெலிந்த ஒரு பெண்மணி, காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர், இரண்டு விரலால் ஒரே ஒரு பருக்கையைத் தூக்கி அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் அவர் பக்கத்தில் போய் நின்றார். ஒத்திகையில் இருந்த நடுக்கம் இப்போது இல்லை.

"நோ, நோ, மேடம். ஃபிங்கர் ஒன்லி. பாம் நோ. தம்ப், புஷ்." தன் கையைக் குவித்துக் காட்டினார். பெருவிரலால் தள்ளுவதைக் காட்டினார். அந்தப் பெண்மணி அதேபோலச் செய்தார். முதல் தடவை சோறு மூக்கில் பட்டது. இரண்டாம் தடவை வாய்க்குள் போனது. அவர் கண்களை அகல விரித்து அண்ணனைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் இலையை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை.

மாலை போட்டிருந்த பெரிய உடம்புக்காரர் மோர் மிளகாயைப் பலகாரம் என்று நினைத்து முழுசாகக் கடித்துவிட்டார். முகம் சிவப்பைத் தாண்டி வேறொரு நிறத்துக்குப் போனது. அக்கா மோர்ச் சொம்போடு ஓடி வந்தார். அவர் குடித்தார், கண்ணைத் துடைத்தார், ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு விரலைத் தூக்கி, "ஒன் மோர்," என்றார். அக்கா அதை மோர் கேட்கிறார் என்று நினைத்து இன்னொரு சொம்பு ஊற்ற, அவர் தலையை ஆட்டி மிளகாயைக் காட்டினார். அக்காவுக்கு அவரைத் தத்தெடுத்துக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது.

அண்ணன் நடுக் கடையில் வாளியோடு நின்று எல்லா மேசைகளையும் பார்த்தார். ஒரே இரைச்சல். பேச்சும் சிரிப்பும், விரல் நக்கும் சத்தமும். என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார், அவருக்கு மெதுவாகவும் பேச வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

"நம்மள மாதிரிதான் லா. கையில ஒழுகுது."

பத்துமலையில் குரங்கு ஒருவரின் கண்ணாடியைப் பிடுங்கி, போட்டுப் பார்த்து, பிடிக்காமல் திருப்பி எறிந்தது. குரங்குகளுக்கு மட்டும் எங்களால் பயிற்சி கொடுக்க முடிந்திருக்கவில்லை. மற்றபடி நல்ல நாள்தான். பயண நிறுவனத்துக்காரர் மேடத்தின் கையைக் குலுக்கி, 'கரண்டி இல்லாத மதிய உணவு' அருமையான யோசனை என்றார். மேடம் கண்ணிமைக்காமல், "நாங்கள் அதைப் பற்றி நிறைய யோசித்தோம்," என்று பதில் சொன்னார்.

கரண்டிகள் மறுநாள் அகப்பட்டன. அக்கா உலைக்கு அரிசி எடுக்க மூட்டைக்குள் படியை விட்டார். படியில் அரிசியோடு முள்கரண்டிகள் வந்தன. அக்கா போட்ட சத்தம் எங்கள் அலுவலகம்வரை கேட்டது என்று தையல் கடையில் இன்னும் சொல்வார்கள். நான் போனபோது அண்ணன் குனிந்து அரிசியைச் சலித்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து முள்கரண்டிகளைப் பொறுக்கினேன். மேடம் வந்து, "சர்ச்ல சனிக்கிழமை கல்யாணம் இருக்கு, கழுவிக் குடுங்க," என்று சொல்லிப் பெட்டியை வாங்கிப் போனார். திரும்பக் கொண்டுவரவில்லை.

அந்த ஆகஸ்ட் முடியும்வரை வாரம் ஒரு கூட்டம் வந்தது. அண்ணன் 'குட்' என்று ஒரு ஜெர்மன் சொல் கற்றுக்கொண்டார். அது ஆங்கிலத்திலும் அதேதான் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். "இல்லம்மா, அவங்க சொல்றப்போ கடைசியில அழுத்துறாங்க, கவனிச்சியா?" என்பார். வங்கி ஆபீசர்களையும் லோரி டிரைவர்களையும் ஜெர்மனில்தான் விசாரித்தார்.

கடைசிக் கூட்டம் வந்த நாளில் மழை. பத்துமலைக்குப் போக முடியவில்லை. சாப்பிட்டு முடித்தும் எல்லாரும் கடையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். காப்பி வந்தது, மறுபடி காப்பி வந்தது. ஒரு வயதான ஜெர்மன்காரர் அண்ணனிடம், நீங்கள் எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். "எல்லாரும் போனப்புறம், உள்ள நின்னுக்கிட்டே," என்றார் அண்ணன். அந்த மனிதர் எழுந்து, பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். அண்ணன் மறுத்தார். மனைவியைப் பார்த்தார். அக்கா ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "உக்காருங்களேன், இலை போடுறேன்," என்றார்.

அண்ணன் உட்கார்ந்தார். அக்கா இலை போட்டுப் பரிமாறினார். ஜெர்மன்காரர்கள் அவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கூச்சமாகச் சாப்பிட்டார். பிறகு வியர்த்தது. சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டார். மேலே பார்த்தார்.

"என்னா இது, இந்த டேபிளுக்குக் காத்தே வரலயே!"

"அந்த மூலைக்கு எப்பவுமே வராது, அண்ணே," என்றேன்.

"எப்பவுமேவா? இத்தன வருஷமா? ஒருத்தனும் சொல்லலியே லா!"

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போகும்போது எட்டிப் பார்த்தேன். கடை இன்னும் திறக்கவில்லை. அண்ணன் முக்காலிமேல் ஏறி நின்று ஒரு பழைய மின்விசிறியை அந்த மூலைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா முக்காலியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வலது பக்கம் திருப்பினார்.